குசினிப் பைப்பின் வாஷர்

சொட்டுகிற பைப்பைச் சொட்டட்டும் என்று விடக்கூடாது, மாஸ்ரர். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஒரு சொட்டு. ஒரு மாதத்தில் நூலாக இறங்கும். இரண்டு மாதத்தில் தொட்டியில் பச்சைக் கோடு விழும். அந்தக் கோட்டை எத்தனை தேசிக்காய் பிழிந்து தேய்த்தாலும் போக்க முடியாது. வாஷர் என்பது சின்ன றப்பர் வட்டம், வேறொன்றுமில்லை. பழைய செருப்பிலேயே வெட்டி எடுக்கலாம். மாற்ற நான்கு நிமிடம் போதும்.

நீங்கள் இந்த வீட்டுக்கு வரச் சம்மதித்தது எனக்குப் பெரிய ஆறுதல். காங்கேசன்துறைப் பக்கத்தால் எழும்பி ஐந்து வருடத்தில் ஏழு வீடு மாறியவர்களுக்கு எட்டாவது வீட்டிலாவது தண்ணீர் ஒழுங்காக வர வேண்டும். நான் நாளைக் காலை கொழும்புக்கு வெளிக்கிடுகிறேன். போக முதல் பைப் வேலைகளை ஒரு தாளில் எழுதிவைக்கச் சொன்னீர்கள். ஒரு தாளில் அடங்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

நேற்றுப் பின்னேரம் வீடு பார்க்க வந்த உங்கள் மனைவி மியூரியல் ரீச்சர் குசினிக்குள் நின்று, பைப்பைத் தொடாமல், "இதுதானோ தம்பி, அந்த அம்மா தண்ணியைத் திறந்துவிட மறந்த பைப்?" என்று கேட்டார். அடுத்த வளவுத் தங்கமுத்து மாமி வேலிக்குள்ளால் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் என்று விளங்கியது. மாமிக்கு வீட்டுக்கு வருகிறவர்களை வரவேற்கும் முறை அது. ரீச்சர் கையிலிருந்த செம்பை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இனி அவர் அந்தப் பைப்பைத் தொடப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஊரிலேயே திறமான பைப் அது. பித்தளை. வீணாகப் பழி சுமக்கிறது. ஆனபடியால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் குழாயையும் பைப் என்பார்கள், அதன் வாயையும் பைப் என்பார்கள். இதில் பைப் என்றால் திறந்து மூடுகிற வாய். மற்றதெல்லாம் குழாய். வகுப்பில் வரைவிலக்கணம் கேட்கிற ஆள் நீங்கள் என்று கேள்விப்பட்டதால் சொல்கிறேன்.

கிணற்றடி மோட்டர் மண்ணெண்ணெயில் ஓடும். தொடக்கி வைக்க மட்டும் சில துளி பெற்றோல் வேண்டும், போத்தல் கொட்டிலுக்குள் இருக்கிறது. மோட்டர் தண்ணீரை நான்கு தூணுக்கு மேலே நிற்கிற இரும்புத் தாங்கிக்கு ஏற்றும். தாங்கியிலிருந்து ஒரு குழாய் இறங்கி, குசினிச் சுவரோடு ஓடி, பைப்பில் முடியும். தாங்கியின் அடியில் தடித்த குழாய் ஒன்று தனியாக இருக்கிறது. தாங்கி கழுவுகிற நாளில் அதைத் திறந்துவிட்டால் அவ்வளவு தண்ணீரும் இருபது நிமிடத்தில் வாழைப் பாத்திக்குப் போய்விடும். இதுவரை எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

வேறு வீடுகளில் இல்லாதது ஒன்று இருக்கிறது. குசினிக் கூரைக்குள், அடுக்கிய விறகுக்குப் பின்னால், எண்ணெய்ப் பரல் ஒன்று கிடக்கும், பெரிய தகரப் பீப்பாய். அதிலும் தண்ணீர்தான். அதிலிருந்து இன்னொரு குழாய் வந்து இதே பைப்போடு சேர்கிறது. சேருமிடத்தில் ஒரு வால்வு, அதைச் சுற்றித் திறக்க ஒரு சிவப்புச் சில்லு. சில்லுக்குப் பக்கத்துச் சுவரில் இனாமல் பெயின்ரால் ஓர் அம்புக்குறி கீறியிருக்கும். அம்பு இடப் பக்கம் போகும். கீறியது நான். அதை எப்போதும் மூடியே வைத்திருங்கள், இல்லாவிட்டால் தாங்கித் தண்ணீர் பரலுக்குள் இறங்கி விறகு முழுவதும் நனைந்துவிடும். உங்களுக்கு அது தேவைப்படாது என்று நம்புகிறேன்.

எங்களுக்கு எண்பத்தெட்டில் தேவைப்பட்டது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. தம்பி கதிரவேலுவுக்குப் பத்தொன்பது. அப்பா நெருப்புக்காய்ச்சலில் எப்போதோ போய்விட்டார். கதிரன் பதினொரு மாதம் ஓர் இயக்கத்துக்குச் சோற்றுப் பார்சல் காவியவன். எந்த இயக்கம் என்று கேட்க வேண்டாம். அந்த நாளில் இயக்கங்கள் கல்லூரி விளையாட்டுப்போட்டி இல்லங்கள் மாதிரி, நிறத்தை வைத்துத்தான் பிரித்தறியலாம். துவக்கைத் தொடவில்லை என்று சொன்னான். நம்பலாம். பத்துக் கல்லெறிந்தும் ஒரு மாங்காய் விழுத்தத் தெரியாதவன். மலேரியாவோடு வீட்டுக்கு வந்து படுத்தான். அதற்குள் அவன் பெயர் ஆமியின் கடதாசியில் ஏறிவிட்டது. எந்த ஆமி என்றும் கேட்க வேண்டாம். எங்கள் ஒழுங்கைக்குள் வந்ததெல்லாம் ஆமிதான்.

அம்மா விதானையாரிடம் போய்ச் சின்னவன் வெளிநாடு போய்விட்டான் என்று சொல்லிக் குடும்ப அட்டையில் அவன் பெயரை வெட்டுவித்தார். கடதாசிப்படி இந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளைதான். அது நான்.

சுற்றிவளைப்பு என்றால் உங்களுக்குத் தெரியும். ஊரைச் சுற்றி நிற்பார்கள். ஆண்கள் எல்லோரும் பள்ளிக்கூட வளவுக்குப் போய் வெயிலில் இருக்க வேண்டும். சாக்கால் முகம் மூடிய ஒருவனுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். அவன் தலையை ஆட்டினால் கொண்டுபோவார்கள். தலையாட்டி என்று அவனுக்குப் பெயர். அந்த நேரத்தில் இன்னொரு பகுதி வீடு வீடாகத் தேடும். நான் ஒவ்வொரு தடவையும் போவேன். தலையாட்டி என்னைத் தந்திக் கம்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். நான் திரும்பி வருவேன்.

தாங்கிக்குள் ஒளிக்கிற யோசனை கதிரனுடையது. யோசனை சொல்ல அவனுக்கு எப்போதும் சுகம். ஆனால் தாங்கி வெறுமையாக இருந்தால் பைப்பில் தண்ணீர் வராது. தேடி வருகிற ஆமிக்காரன் வெயிலில் வருகிறவன். முதலில் தண்ணீர்தான் கேட்பான். தலைக்கு மேலே தாங்கி நிற்கிற வீட்டில் பைப் வறண்டு கிடந்தால் எந்த மடையனும் நிமிர்ந்து பார்ப்பான். தண்ணீர் வருகிற வீட்டுத் தாங்கியை ஒருவரும் ஏறிப் பார்ப்பதில்லை. இதைக் கண்டுபிடித்தது நான். பரலையும் வால்வையும் பொருத்தியது நான். எட்டு நாள் வேலை. புரிகளுக்குச் சணல் சுற்றி, பெயின்ற் பூசி, ஒரு சொட்டு ஒழுக்கில்லாமல் செய்தேன். தாங்கி மூடியில் மூச்சுக்குப் பன்னிரண்டு ஓட்டை போட்டேன். இரும்பு கொதிக்கும் என்று உள்ளே சாக்கு விரித்தேன். இவ்வளவும் அவனுக்காகச் செய்த ஒருவனைப்பற்றித்தான் நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஒத்திகையில் கதிரன் உள்ளே இறங்கிக் கதைத்தபோது கோயில் ஒலிபெருக்கி மாதிரிக் கேட்டது.

"அண்ணை, உள்ளை நல்ல காத்தோட்டம். வாடகை எவ்வளவு?"

"வாயை மூடிக்கொண்டு இரு. அதுதான் வாடகை."

"அண்ணை, நீ இஞ்சினியர்தான். கம்பசுக்குத்தான் விளங்கேல்லை."

எனக்குப் பல்கலைக்கழகம் ஆறு புள்ளியால் தவறியது. அவன் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னான்.

குழாய் இரும்பு என்பதால் தட்டினால் சத்தம் ஓடும். குசினிப் பைப்பில் நகத்தால் தட்டினாலும் தாங்கிக்குள் கேட்கும். அதையும் ஒழுங்காக்கினேன். இரண்டு தட்டு என்றால் கேள்வி: எல்லாம் சரியோ? ஒரு தட்டு என்றால் பதில்: ஓம், சரி. யார் கேட்டாலும் மற்றவர் பதில் தட்ட வேண்டும். கதிரன் அன்று முழுவதும் இரண்டு இரண்டாகத் தட்டிக்கொண்டிருந்தான். அம்மா அகப்பையால் பதில் தட்டித் தட்டிச் சிரித்தார். அம்மா சிரிக்கிறபோது வாயைச் சீலைத் தலைப்பால் பொத்துவார்.

சில்லைத் திறப்பது அம்மாவின் வேலை. செய்தி வந்ததும் நான் தாங்கியை வெறுமையாக்க வேண்டும், கதிரன் ஏற வேண்டும், அம்மா பரல் சில்லைத் திறக்க வேண்டும். இதில்தான் எனக்குச் சங்கடம் வந்தது. உலகத்துச் சில்லெல்லாம் வலம் சுற்றினால் மூடும், இடம் சுற்றினால் திறக்கும். அம்மா நாற்பது வருடம் பிள்ளையார் கோயில் வீதியை வலம் சுற்றியவர். திரிகையில் உழுந்து அரைத்தாலும் வலம், குழந்தைக்கு நாவூறு கழித்தாலும் வலம். ஒத்திகையில் இரண்டு தரமும் வலம் சுற்றி இறுக்கிவிட்டு, ஏன் தண்ணீர் வரவில்லை என்று என்னைக் கேட்டார்.

"இடம் சுத்தவேணும் அம்மா."

"இடம் சுத்தித் திறக்கிறதோ? இதென்ன மோனை சாதனம். செத்தவீட்டிலையெல்லோ இடம் சுத்துறது."

அதற்காகத்தான் அம்புக்குறி. அதற்குப் பிறகு அம்மா பிழை விடவில்லை. ஒவ்வொரு தடவையும் சில்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, "அப்பனே, பொறுத்துக்கொள்" என்று சொல்லி, அம்பைப் பார்த்து இடம் சுற்றுவார். பாவம் ஒன்றைச் செய்வதுபோலத்தான் செய்வார். ஆனால் சரியாகச் செய்வார்.

ஆனியில் ஒரு சுற்றிவளைப்பு, ஆவணியில் ஒன்று. இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. ஆவணியில் வந்தவன் எங்கள் பைப்பில் முகம் கழுவி, தலை நனைத்து, போத்தலை நிரப்பிக்கொண்டு போனானாம். நான் பள்ளிக்கூடத்திலிருந்து மூக்குத் தோல் உரிந்து வந்தபோது கதிரன் வாழையடியில் இருந்து அம்மா ஊட்ட ஊட்டச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தாங்கிக்குள் வெக்கை என்று அம்மா அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வந்திட்டியே? தாங்கிக்குத் தண்ணி ஏத்திவிடு" என்றார்.

நான் ஏற்றிவிட்டேன். மோட்டர் சத்தத்தில் மனிதருக்குப் பேச்சு தேவைப்படாது. அது எனக்குப் பிடிக்கும்.

அடுத்து, கால் வால்வைப்பற்றிச் சொல்ல வேண்டும். கிணற்றுக்குள் இறங்குகிற குழாயின் அடியில் அது இருக்கிறது. ஏற்றிய தண்ணீர் திரும்பி இறங்காமல் பிடித்துக்கொள்ளும். அதில் பாசி பிடித்தால் மோட்டர் வெறும் காற்றைத்தான் இழுக்கும். வருடத்துக்கு ஒரு தரம் கழற்றிக் கழுவுங்கள். புரட்டாதியில் ஒரு திங்கட்கிழமை அதைக் கழற்ற நான் கிணற்றுக்குள் இறங்கி நின்றேன். கிணற்றுக்குள் நின்றால் மேலே பத்து யார் தூரத்தில் கதைப்பதும் காதுக்குள் கதைப்பதுபோலக் கேட்கும். அம்மாவும் தங்கமுத்து மாமியும் வேலியடியில் நின்றார்கள்.

"பெரியவனையும் யோசி செல்வநாயகி. ஒவ்வொருதரமும் அந்தச் சாக்குக்காரனுக்கு முன்னாலை போய் நிக்கிறான். ஒருநாளைக்குத் தலையை ஆட்டினானெண்டால்?"

"அவனை ஆர் மாமி கொண்டுபோகப் போறாங்கள்? அவன் பாட்டுக்குப் போவான், வருவான். அவனைப்பற்றி எனக்கொரு யோசினையுமில்லை. சின்னவனுக்கு ஒண்டெண்டால் நான் அண்டைக்கே முடிஞ்சன்."

நான் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. தாய்மார் கதைப்பதுதான். கால் வால்வைக் கழுவி, புதுத் தோல் போட்டு, பூட்டிவிட்டு மேலே வந்தேன். நல்ல வால்வு. இன்றைக்கும் ஒரு சொட்டு விடாது.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. காலை ஆறே முக்கால் இருக்கும். மாமி வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினார்.

"செல்வநாயகி, சந்தியிலை வந்திறங்கிட்டாங்களாம். ஆம்பிளையள் ஏழரைக்குள்ளை பள்ளிக்கூடத்திலை நிக்கவேணுமாம்."

நான் அடிக்குழாயைத் திறந்தேன். தண்ணீர் வாழைக்குப் போனது. அம்மா குசினிக்குள் போய்ச் சில்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதை அழுத்தமாக எழுதுகிறேன், மாஸ்ரர். நீங்கள் ரீச்சருக்கு வாசித்துக் காட்டலாம். அம்மா அம்பைப் பார்த்து, இடம் சுற்றி, ஐந்து சுற்றும் முழுதாகத் திறந்தார். பைப்பைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்றும் பார்த்தார். வந்தது.

பிறகு அவித்த முட்டையும் ஒரு போத்தல் பார்லித் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஏணியடிக்குப் போனார். கதிரன் ஏறினான். மூடிக்குள்ளால் தலையை நீட்டி என்னைப் பார்த்தான்.

"அண்ணை, போனமுறை மூக்கு உரிஞ்சு வந்தனி. இந்தமுறை மதிலோரம் பாத்து இரு, பத்து மணிமட்டும் நிழல் விழும். என்ரை தொப்பியை எடுத்துக்கொண்டு போ."

போகிற போக்கில் அவன் இப்படி ஏதாவது சொல்வான். நான் தொப்பியை எடுக்கவில்லை.

அம்மா ஏணியடியில் நின்று அவனுக்கு முட்டையை உரித்துக்கொடுத்தார். நான் போய்விட்டு வருகிறேன் என்றேன். "ஓம், ஓம்" என்றார், திரும்பாமல்.

பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். எனக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. குசினிக்குள் போனேன். பைப் சொட்டிக்கொண்டிருந்தது.

சும்மா இருக்கிற நேரத்தில் வேலையை முடித்துவிடுவது என் பழக்கம். பைப்பைக் கழற்ற முதல் தண்ணீரை மறிக்க வேண்டும், இது எல்லோருக்கும் தெரிந்த விதி. சிவப்புச் சில்லை வலம் சுற்றி ஐந்து சுற்றும் மூடினேன். ஸ்பானரால் பைப்பின் தலையைக் கழற்றினேன். பழைய வாஷரை எடுத்துச் சாரத்து மடிக்குள் வைத்தேன், புதியதைப் போட்டேன், தலையைப் பூட்டினேன். நான்கு நிமிடத்துக்கு மேலே எடுக்கவில்லை.

பூட்டி முடித்த நேரம் குழாய்க்குள்ளால் இரண்டு தட்டு வந்தது. ஸ்பானர் சத்தம் மேலே கேட்டிருக்கும். எல்லாம் சரியோ என்று கேட்டான்.

நான் ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினேன்.

கை கழுவப் பைப்பைத் திறந்தேன், தண்ணீர் வரவில்லை. கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

மதிலோரம் நிழல் இருந்தது. கதிரன் சொன்னது சரி. பத்து மணி போலத் தெற்குப் பக்கத்தில் மூன்று வெடி கேட்டது. எல்லோரும் தலையை நிமிர்த்திவிட்டுக் குனிந்தார்கள். பக்கத்தில் இருந்த சைக்கிள் கடைக்காரர், "உங்கடை பக்கம் போலை கிடக்கு தம்பி" என்றார். "ஓம் போலை" என்றேன். அன்றும் தலையாட்டி என்னைப் பார்த்துத் தலையாட்டவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒருவரையும் காட்டிக்கொடுத்ததில்லை, மாஸ்ரர். விரல் நீட்டியதில்லை. ஒரு பெயர் சொன்னதில்லை. அந்த மூன்று வருடத்தில் இப்படிச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஒழுங்கையில் எத்தனை பேர் என்று தங்கமுத்து மாமியைக் கேட்டுப் பாருங்கள்.

நடந்ததை அம்மா பிறகு சொன்னார். ஒவ்வொரு வருடமும் புரட்டாதி வந்தால் சொல்வார், ஒரு சொல் மாறாமல். வந்தவன் மரியாதையான பையனாம், கதிரன் வயதுதான் இருக்குமாம். கையைக் குவித்து வாயில் வைத்துத் தண்ணீர் கேட்டானாம். அம்மாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்ததாம். "பொறு மோனை" என்று சொல்லி, தானே போய்ப் பைப்பைத் திறந்தாராம். ஒரு துளி வரவில்லை. இன்னும் திறந்தாராம். அவன் பக்கத்தில் வந்து, கையிலிருந்த தடியால் பைப்பில் தட்டினானாம். வராத பைப்பை எல்லோரும் அப்படித்தான் தட்டுவோம்.

இரண்டு தட்டு.

குழாய்க்குள்ளால் ஒரு தட்டு பதில் வந்தது.

அவன் பைப்பைப் பார்த்தான், சுவரில் குழாய் போகிற வழியைப் பார்த்தான், முற்றத்துக்குப் போய் நிமிர்ந்தான். கீழே நின்று ஏதோ பாஷையில் கத்தினார்கள். இரும்புக்குள் இருக்கிறவனுக்கு வெளிச் சத்தம் விளங்காது. அது எனக்கு ஒத்திகையிலேயே தெரியும்.

அவன் இரண்டு தரம் தட்டியது தற்செயல். மூன்று தட்டியிருந்தால் கதிரன் பேசாமல் இருந்திருப்பான். அதை நான் யோசிக்கவில்லை. ஏறிப் பார்ப்பார்கள், இறக்கிக் கொண்டுபோவார்கள், ஒரு வருடமோ இரண்டு வருடமோ முகாமில் வைத்திருந்துவிட்டு அனுப்புவார்கள், அவ்வளவுதான் நான் நினைத்தது. நினைத்தது என்றால், அந்த நிலைமையில் எவரும் நினைக்கக்கூடியது என்று சொல்ல வந்தேன்.

நான் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது ஒழுங்கை முழுவதும் சனம். அம்மா முற்றத்தில் இல்லை, கதிரனுக்குப் பக்கத்தில் இல்லை. குசினிக்குள் சில்லைப் பிடித்தபடி நின்றார்.

"பெரியவன், பூட்டிக் கிடக்கடா. பாரடா, இறுக்கிப் பூட்டிக் கிடக்கு. திறந்தனான் எண்டுதான் நினைச்சன். கை பழக்கத்திலை வலம் சுத்திப் போட்டுதடா."

நான் சில்லைப் பார்த்தேன். பூட்டித்தான் கிடந்தது.

"விடுங்கோ அம்மா," என்றேன். "பதகளிப்பிலை ஆருக்கும் வாறதுதான்."

வேறு என்ன சொல்வது. அந்த நேரத்தில் வாஷர் கதையை எடுத்தால் அவருக்கு இன்னும் குழப்பமாக இருந்திருக்கும்.

தாங்கியைக் கழுவ இரண்டு நாள் எடுத்தது. மேற்குப் பக்கத்தில் மூன்று மரையாணி இறுக்கியிருப்பதைப் பார்ப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ளேயும் வெளியேயும் சைக்கிள் ரியூபில் வெட்டிய வாஷர் போட்டிருக்கிறேன். ஆறரை வருடமாகிறது, ஈரம்கூடக் கசியவில்லை. இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தரம் இறுக்கிப் பாருங்கள்.

அன்றிலிருந்து அம்மா ஒரு பைப்பையும் தொடவில்லை. குசினியில் இல்லை, குளியலறையில் இல்லை, கோயில் கால் கழுவுகிற பைப்பில்கூட இல்லை. எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் நிற்பார். கிணற்றில் அள்ள முடியாது, மோட்டர் வந்த நாளிலேயே கப்பியைக் கழற்றிவிட்டேன். ஆகவே நான் திறந்துவிட வேண்டும். அரிசி கழுவ, கால் கழுவ, முகம் கழுவ, குடிக்க.

என் பெயர் நமசிவாயம். கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் புண்ணியம் கிடைக்கும் என்று அம்மாதான் வைத்தாராம். வைத்துவிட்டு, தம்பி பிறந்ததிலிருந்து பத்தொன்பது வருடம் பெரியவன் என்று கூப்பிட்டார். கதிரன் போன பிறகு பெரியவன் என்பதற்கு அர்த்தமில்லாமல் போனது. "நமசிவாயம், தண்ணியைத் திறந்துவிடு மோனை." விடிய எழும்பினால் அதுதான் முதல் பேச்சு, படுக்கப் போகும்போது கடைசிப் பேச்சும் அதுதான். ஒரு நாள் மானிப்பாய்க்குச் சாமான் வாங்கப் போய்ப் பொழுதுபட வந்தேன். காலையிலிருந்து ஒரு மிடறு குடிக்காமல் வாசலைப் பார்த்தபடி இருந்தார். மாமியைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டேன். "நீ வருவாய்தானே" என்றார். அடுத்த கிழமையும் எனக்கு மானிப்பாயில் அலுவல் இருந்தது. அன்றும் கொஞ்சம் சுணங்கித்தான் வந்தேன்.

ஊர் அம்மாவைப்பற்றிக் கதைத்தது. பிள்ளையைத் தன் கையாலே கொடுத்தவள் என்றார்கள். நல்ல காரியங்களுக்கு அவரைக் கூப்பிடவில்லை. அம்மா அதற்குக் கோபிக்கவில்லை, சரியென்று ஏற்றுக்கொண்டார். தம்பியின் திவசத்துக்கு ஐயர் வந்து கையில் தண்ணீர் வார்க்கச் சொன்னால், கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் வார்ப்பேன்.

போன ஐப்பசியில் படுத்தார். எழும்பவில்லை. ஒன்பதாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மோனை, உன்ரை தம்பியை நான் கொன்றுபோட்டன். நீ ஒருநாளும் என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. இப்பவாவது கேளடா" என்றார். நான் கேட்கவில்லை. "என்னை மன்னிப்பியோ?" என்றார்.

நான் மன்னித்தேன்.

அதைப்பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். சாகிறவருக்கு அமைதி வேண்டும். உண்மையைச் சொன்னால் அவருக்கு ஒரு பிள்ளையும் மிஞ்சாது. நான் மன்னித்ததும் அம்மா கண்ணை மூடி, "நீதானடா என்ரை பிள்ளை" என்றார். அவர் அப்படிச் சொன்னதை நான் வேறு ஒருவருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

இதை நீங்கள் தங்கமுத்து மாமிக்குச் சொல்வது உங்கள் விருப்பம். நான் கிளாலிக் கரையில் வள்ளம் ஏறின பிறகு சொன்னால் நல்லது. அம்மாவின் பெயர் இந்த ஒழுங்கையில் சுத்தமாக வேண்டும் என்றால் யாரோ ஒருவர் சொல்லத்தான் வேண்டும். எனக்கு அவசரம். ரீச்சரிடம் மட்டும் இன்றைக்கே சொல்லுங்கள்: பைப்பில் பிழையில்லை, அம்மாவின் கையிலும் பிழையில்லை.

நான் எதையும் எதிர்பார்த்து ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். ஒரு பைப் சொட்டியது, வாஷர் மாற்றினேன், சில்லைத் திறந்துவிட மறந்தேன். இருபத்துமூன்று வயதில் எவருக்கும் வரக்கூடிய மறதி.

மோட்டர்க் கொட்டில் தட்டில் ஒரு பால்மாப் பேணி இருக்கிறது. அதற்குள் ஸ்பானர், சணல், மிச்ச ஆணிகள் எல்லாம் கிடக்கும். அடியில் கடதாசியில் சுற்றி ஒரு வாஷர் இருக்கும். அன்று குசினிப் பைப்பிலிருந்து கழற்றியது. எறிய மனம் வரவில்லை. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மாஸ்ரர். தேயவில்லை, வெடிக்கவில்லை, ஒரு கீறல் இல்லை. உங்களுக்கு எப்போதாவது தேவைப்பட்டால் தாராளமாகப் போடுங்கள். இன்னும் பத்து வருடம் சொட்டாது.